லேப்டாப் ஸ்லோ, சிபியு 100 சதவீதம்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஃபேன் விடாமல் இரைகிறது. மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்கிறது. ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வர இரண்டு நொடி ஆகிறது. இந்த நிலையில் லேப்டாப்பை என்னிடம் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் தீர்ப்பையும் சேர்த்தே கொண்டுவருவார்கள்: "ஃபார்மட் போட்டுக் கொடுத்துடுங்க."

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். சில லேப்டாப்கள் ஒரே வாரத்தில் அதே கோளாறோடு திரும்பி வந்தன. சார்ஜரிலோ தூசியிலோ இருக்கும் கோளாறை ஃபார்மட் தொடக்கூட முடியாது. அதைவிட மோசம், ஃபார்மட் செய்ததும் தடயம் எல்லாம் அழிந்துபோகும். எது ப்ராசஸரை (லேப்டாப்பின் மூளை, சிபியு என்பதும் இதுதான்) தின்றது என்று அதற்கப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் இப்போது ஒரே விதி வைத்திருக்கிறேன்: தின்பது எது என்று பெயர் தெரியும்வரை எதையும் அழிப்பதில்லை.

கீழே இருப்பவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மேக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்கு முன் ஒரு சிறு பகுதி இருக்கிறது.

## எதையும் தொடுவதற்கு முன்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ப்ராசஸஸ் பக்கத்தில் சிபியு என்ற தலைப்பின் மேல் ஒரு கிளிக் செய்தால், அதிகம் தின்பது பட்டியலின் மேலே வரும். திறந்த நொடியில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். டாஸ்க் மேனேஜர் திறப்பதற்கே ப்ராசஸர் கொஞ்சம் உழைக்க வேண்டும். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். மேலே நிலையாக நிற்கும் பெயர் எது, வந்து வந்து போகும் பெயர் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியுவைத் தேர்ந்தெடுங்கள். நான்கு எண்களைத் தாளில் எழுதுங்கள்: யூட்டிலைசேஷன் (எத்தனை சதவீதம் வேலை), ஸ்பீடு (இப்போதைய வேகம்), பேஸ் ஸ்பீடு (ப்ராசஸருக்குக் குறித்திருக்கும் அடிப்படை வேகம்), அப் டைம் (ரீஸ்டார்ட் ஆகி எவ்வளவு நேரம்). ஸ்பீடும் பேஸ் ஸ்பீடும் ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும். இப்போதைக்கு அப் டைமைப் பாருங்கள். அது ஒன்பது நாள், இருபது நாள் என்று காட்டினால் பலர் நம்ப மாட்டார்கள். "தினமும் ஷட் டவுன் பண்றேனே" என்பார்கள். உண்மைதான். ஆனால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே திரும்ப ஏற்றிக்கொள்ளும். சிக்கிக்கொண்ட டிரைவரும் (ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருள்) அப்படியே திரும்ப எழுந்துவரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே முதல் வைத்தியம் ஒரு ரீஸ்டார்ட். அதற்கப்புறமும் கோளாறு இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. டீடெயில்ஸ் பக்கத்தில் சிஸ்டம் ஐடில் ப்ராசஸ் என்ற பெயர் 95 என்று காட்டினால் பதற வேண்டாம். ப்ராசஸர் 95 சதவீதம் சும்மா இருக்கிறது என்பதே அதன் பொருள். இன்னொன்று: கிளையன்ட் சர்வர் ரன்டைம் ப்ராசஸ், விண்டோஸ் ஸ்டார்ட்-அப் அப்ளிகேஷன், லோக்கல் செக்யூரிட்டி அத்தாரிட்டி ப்ராசஸ் ஆகியவற்றை எண்ட் டாஸ்க் கொடுத்து நிறுத்த முயலாதீர்கள். அவை போனால் விண்டோஸே விழுந்துவிடும், சேமிக்காத வேலையும் போய்விடும்.

## அறிகுறி: ஆன் செய்த முதல் பத்து நிமிடம் மட்டும் அசையாது, அப்புறம் சரியாகிவிடும்

லேப்டாப் எழுந்ததும் இருபது மென்பொருள்கள் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுகின்றன. அவ்வளவுதான் விஷயம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பக்கத்தைத் திறந்து, ஸ்டார்ட்அப் இம்பாக்ட் என்ற தலைப்பைக் கிளிக் செய்து வரிசைப்படுத்துங்கள். கேம் லாஞ்சர், மீட்டிங் ஆப், மெசேஜ் ஆப், பிரிண்டரோடு வந்த உதவியாளர், நீங்கள் மறந்தே போன ஏதோ ஒரு அப்டேட்டர் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யலாம். இது எதையும் நீக்காது. வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம், அவ்வளவே. ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

அதன் பிறகும் பத்து நிமிடம் இழுத்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைப் பாருங்கள். பாதியில் நிற்கும் அப்டேட் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கப் பார்க்கும். சார்ஜரில் போட்டு, நெட் இணைப்பில் வைத்து, ஒரு முழு இரவு விட்டுவிடுங்கள்.

அதுவும் சரி, ஆனாலும் ஸ்லோ என்றால் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். அங்கே எச்டிடி (பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்) என்று போட்டிருந்து, எண் 100-ல் நின்றால் இது ப்ராசஸர் கோளாறே இல்லை. "சிபியு சும்மா இருக்கிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: பிரவுசர் திறந்தாலே, வீடியோ ஓடினாலே ஃபேன் சுற்றுகிறது

பிரவுசர்தான் தின்கிறது என்பதோடு டாஸ்க் மேனேஜர் நின்றுவிடும். எந்த டேப் என்று அது பெரும்பாலும் சொல்லாது. குரோம், எட்ஜ் இரண்டிலும் ஷிஃப்டோடு எஸ்கேப் அழுத்தினால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். டேப், எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்) ஒவ்வொன்றும் எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாகத் தெரியும்.

ஒரு டேப் மட்டும் தின்றால் அதை மூடிவிடுங்கள், வேலை முடிந்தது. எக்ஸ்டென்ஷன் தின்றால் அதை நீக்குங்கள். பெயர் சிக்கவில்லை என்றால் இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக இயங்காது. அங்கே அமைதியாக இருந்தால் குற்றவாளி ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷன்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடும்.

வீடியோ மட்டும் என்றால் கதை வேறு. வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையை கிராஃபிக்ஸ் சிப் செய்ய வேண்டும். அது அறியாத வடிவத்தில் வீடியோ வந்தால் முழுச் சுமையும் ப்ராசஸர் தலையில் விழும். இதைச் சோதிப்பது சுலபம். வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியுவை (அந்த கிராஃபிக்ஸ் சிப்) திறந்து, வீடியோ டிகோட் என்ற வரைபடத்தைப் பாருங்கள். அது அசையவே இல்லை, சிபியு மட்டும் ஏறுகிறது என்றால் இதுதான் கோளாறு.

முதலில் பிரவுசரின் சிஸ்டம் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ அணைத்து வைத்திருக்கலாம். அப்புறம் கிராஃபிக்ஸ் டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், யூடியூப் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் திறங்கள். கோடெக்ஸ் வரியில் வீடியோவின் வடிவம் தெரியும். பெரும்பாலும் ஏவி01 (ஏவி1) என்றோ விபி09 (விபி9) என்றோ தொடங்கும் பெயர் இருக்கும். இன்டெல் லேப்டாப்களில் விபி9-ஐ முழுமையாகக் கையாளும் வசதி 7-ஆம் தலைமுறையில் வந்தது. ஏவி1-ஐக் கையாள 11-ஆம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப் என்றால் கோளாறு என்று ஒன்றுமில்லை. தரத்தை 720 அல்லது 480-க்கு இறக்கினால் ஃபேன் அடங்கிவிடும்.

வீடியோ மீட்டிங்கில் மட்டும் ஸ்லோ ஆகிறதா? பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணையுங்கள். உங்கள் தலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பழைய ப்ராசஸருக்கு அது பெரிய சுமை.

## அறிகுறி: பட்டியலின் மேலே விண்டோஸின் சொந்தப் பெயர்களே நிற்கின்றன

இங்கேதான் பலர் பயந்துபோய் எதையாவது நிறுத்தித் தொலைக்கிறார்கள். பெயரைப் பார்த்து, அதற்குரிய பகுதியை மட்டும் படியுங்கள்.

### ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்

விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் ஸ்கேன் செய்கிறது. ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். தினமும், நாள் முழுக்க என்றால் இன்னொரு ஆன்டிவைரஸ் அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் தேடுங்கள். சந்தா முடிந்துபோன ஆன்டிவைரஸ் ஒன்று பின்னால் கிடந்து மல்லுக்கட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை முறையாக நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஃபெண்டரை மொத்தமாக அணைத்துவிடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு வைரஸ் வந்தால் ப்ராசஸர் மட்டுமா போகும்?

### விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர், டாட்நெட் ரன்டைம் ஆப்டிமைசேஷன்

அப்டேட் வேலை நடக்கிறது. தொடாதீர்கள். முடிந்ததும் தானாக நிற்கும். இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்தால் செட்டிங்ஸில் ட்ரபுள்ஷூட் பகுதிக்குப் போய் விண்டோஸ் அப்டேட்டுக்கானதை ஓட்டுங்கள்.

### சர்வீஸ் ஹோஸ்ட்

இது விண்டோஸின் சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் வேலைகளை, வைத்திருக்கும் ஒரு கூடை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இடப்பக்கம் இருக்கும் சிறு அம்பைக் கிளிக் செய்தால் உள்ளே ஓடும் சர்வீஸின் பெயர் தெரியும். அதன் மேல் வலது கிளிக் செய்து ஓபன் சர்வீசஸ் கொடுத்து, அங்கே அதை மட்டும் ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.

### விண்டோஸ் சர்ச் இண்டெக்ஸர்

ஃபைல்களைச் சீக்கிரம் தேட அட்டவணை போடும் வேலை இது. புதிதாக நிறைய ஃபைல்களைக் காப்பி செய்தபின் ஏறினால் இயல்புதான். வாரக்கணக்கில் ஓய்வே இல்லை என்றால் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் ரீபில்ட் கொடுங்கள். அன்று முழுக்க இன்னும் ஸ்லோவாக இருக்கும், மறுநாள் தெளியும்.

### டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட்

லேப்டாப்பின் நிலவரம் கேட்கும் மென்பொருள்களுக்குப் பதில் சொல்லும் விண்டோஸ் பகுதி இது. இது குற்றவாளி இல்லை, இதைக் கேள்வி கேட்டுக் கேட்டு நச்சரிக்கும் வேறொரு மென்பொருள்தான் குற்றவாளி. அந்த ஆளைப் பிடிக்க ஈவண்ட் வியூவரைத் திறங்கள். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ், அதற்குள் டபிள்யூஎம்ஐ ஆக்டிவிட்டி, அதற்குள் ஆபரேஷனல். அங்கே வரிசையாக வரும் பிழைகளில் கிளையன்ட் ப்ராசஸ் ஐடி என்று ஓர் எண் இருக்கும். டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் பிஐடி என்ற நிரலில் அதே எண்ணைத் தேடுங்கள். பக்கத்திலேயே பெயர் இருக்கும். லேப்டாப்போடு வந்த ஏதாவது ஒரு "ஹெல்த் செக்" மென்பொருளாகவோ, விளக்கு வண்ணம் மாற்றும் மென்பொருளாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

### சிஸ்டம் இண்டரப்ட்ஸ்

இது மென்பொருளே இல்லை. வன்பொருள்கள் ப்ராசஸரை "இங்கே வா" என்று கூப்பிடும் நேரத்தின் மொத்தக் கணக்கு. ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் சரி. பத்தைத் தாண்டி நிலையாக நின்றால் ஏதோ ஒரு சாதனமோ டிரைவரோ ஓயாமல் கூப்பிடுகிறது. யூஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். மவுஸ், ஹப், வெளி டிஸ்க் எதுவும் வேண்டாம். இறங்கினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை, ப்ளூடூத், கேமரா, ஆடியோ என்று ஒவ்வொன்றாக டிசேபிள் செய்து, எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப எனேபிள் செய்யுங்கள். டிஸ்ப்ளே, டிஸ்க், கீபோர்டு, சிஸ்டம் டிவைசஸ் ஆகியவற்றைத் தொடாதீர்கள், திரும்ப வர வழி இருக்காது. எதை அணைத்தபோது எண் விழுந்ததோ, அதன் டிரைவரை மாற்றுங்கள். புது டிரைவர் போட்ட பிறகே தொல்லை தொடங்கியது என்றால் அதே இடத்தில் ரோல் பேக் கொடுத்து பழைய டிரைவருக்கே திரும்பலாம்.

எதை அணைத்தும் விழவில்லையா? கடைசியாக நிறுவனத்தின் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழுந்து லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் ஒன்று இருக்கிறது. பேட்டரி நல்ல நிலையில் இருந்து, சார்ஜரும் செருகியிருந்தால் மட்டும் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனால் லேப்டாப் எழுந்திருக்காது. பேட்டரி பலவீனமானது என்றால் இதைக் கடையில் விட்டுவிடுவது நல்லது.

## அறிகுறி: 100 ஆகவே இல்லை, எப்போதும் 12 அல்லது 25 சதவீதத்தில் நிற்கிறது

இதைப் பலர் கவனிப்பதே இல்லை, "12 சதவீதம்தானே" என்று விட்டுவிடுவார்கள். எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் தடம்) உள்ள ப்ராசஸரில் ஒரு த்ரெட் முழுதாக மாட்டிக்கொண்டால் மொத்தக் கணக்கில் 12.5 சதவீதமாகத்தான் தெரியும். நான்கு த்ரெட் என்றால் 25. சிபியு வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசஸர்ஸ் என்று மாற்றினால் ஒரு கட்டம் மட்டும் நிரம்பியிருப்பது தெரியலாம். விண்டோஸ் வேலையை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் எல்லாக் கட்டங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியும் தெரியலாம். மாறாத அந்த எண்தான் சாட்சி.

ஒரு மென்பொருள் தனக்குள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் அதே சதவீதத்தில் அசையாமல் நிற்கும் பெயரைத் தேடி எண்ட் டாஸ்க் கொடுங்கள். ஜன்னலை மூடிய பிறகும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் பிடிஎஃப் ரீடர், பிரிண்ட் வரிசையில் சிக்கிய ஃபைல் இவையெல்லாம் வழக்கமானவர்கள். ஸ்பூலர் (பிரிண்ட் வரிசையைக் கவனிப்பது) என்ற பெயர் தெரிந்தால் பிரிண்டர் வரிசையில் மாட்டியிருக்கும் வேலையை கேன்சல் செய்தாலே போதும். அதே மென்பொருள் அடிக்கடி இப்படிச் செய்தால் நீக்கிவிட்டுப் புதிய பதிப்பைப் போடுங்கள்.

## அறிகுறி: சின்ன வேலைக்கே 100, ஆனால் எந்தப் பெயரும் பெரிதாகத் தின்னவில்லை

நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். வீணாக ஃபார்மட் ஆகும் லேப்டாப்களில் பல இந்த வகை.

நீங்கள் எழுதி வைத்த ஸ்பீடைப் பாருங்கள். பேஸ் ஸ்பீடு 2.4 கிகாஹெர்ட்ஸ், ஆனால் வேலை செய்யும்போதும் ஸ்பீடு 0.8 அல்லது 0.4 என்று நிற்கிறதா? நான்கு பேர் தூக்க வேண்டியதை ஒருவரைத் தூக்க வைத்தால் அவர் முழு பலத்தையும் போட்டாக வேண்டும். 100 சதவீதம் என்பது அந்த முழு பலம். கோளாறு வேலையில் இல்லை, ப்ராசஸரின் கையை யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள்.

கட்டியது யார் என்பதை வேகம் விழும் விதமே சொல்லிவிடும். ஆன் செய்த நொடியிலிருந்தே 0.4 என்றால் சார்ஜர் அல்லது பவர் செட்டிங். முதலில் 3 வரை போய், சில நிமிடம் கழித்து விழுந்து, கொஞ்சம் ஏறி, திரும்ப விழுந்தால் சூடு.

### முதலிலிருந்தே குறைவு: சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரியில் ஓடும்போது வேகம் ஏறினால் சந்தேகமே வேண்டாம், சார்ஜர்தான். சில லேப்டாப்கள் சார்ஜரின் அடையாளத்தைப் படிக்க முடியாமல் போனால், பாதுகாப்புக்காக ப்ராசஸரை அடிமட்ட வேகத்தில் பூட்டிவிடும். சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆன் செய்யும்போது அடாப்டர் பற்றி ஓர் எச்சரிக்கை வந்து, பழகிப்போய் அதைத் தட்டிவிட்டுப் போகிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.

சார்ஜரின் மேல் அச்சிட்டிருக்கும் வாட்டை லேப்டாப் கேட்கும் வாட்டோடு ஒப்பிடுங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் போனின் 20 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகி வைத்திருந்தாலும் இதே கதிதான். அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரின் சார்ஜரை இரவல் வாங்கிச் சோதியுங்கள். அதில் வேகம் ஏறினால் புது சார்ஜர் வாங்குங்கள், முடிந்தது. ஏறவில்லை என்றால் கோளாறு சார்ஜர் செருகும் ஜாக்கில் இருக்கலாம். அது கடைக்காரர் வேலை.

சார்ஜரை எடுத்தும் வேகம் மாறவில்லை என்றால் செட்டிங்ஸில் பவர் மோட் என்ன என்று பாருங்கள். பெஸ்ட் பவர் எஃபிஷியன்சியில் கிடந்தால் மாற்றுங்கள். அப்புறம் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் திறந்து, ப்ராசஸர் பவர் மேனேஜ்மெண்ட் பகுதியில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100 என்று இருக்கிறதா எனச் சரிபாருங்கள். சூட்டைக் குறைக்க யாரோ 50 என்று வைத்துவிட்டு மறந்துபோயிருப்பார்கள். சில லேப்டாப்களில் இந்த வரி தெரியாது, அப்படியென்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு எளிய சோதனை: ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் பழைய நிலை அழிந்து, பூட்டு விடுபடுவதும் உண்டு.

### சில நிமிடம் கழித்து விழுகிறது: சூடு

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு வீடியோவை ஓடவிட்டு, சிபியு வெப்பநிலையைப் பாருங்கள். வேலை செய்யும்போது 80-ஐத் தாண்டுவது லேப்டாப்பில் இயல்புதான். சின்ன வேலைக்கே 95, 100 டிகிரி செல்சியஸ் என்று தொட்டு, அதே நொடியில் வேகம் விழுந்தால், ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. பல இன்டெல் லேப்டாப் ப்ராசஸர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை.

செலவே இல்லாத சோதனை முதலில். மெத்தை, மடி, தலையணை மேல் வைத்தா வேலை செய்கிறீர்கள்? கீழ்ப்பக்கம் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபடும். மேசையில் வைத்து, பின்பக்கத்தை ஒரு விரல் உயரம் தூக்கி வைத்து அதே வீடியோவைத் திரும்ப ஓட்டுங்கள். பத்து டிகிரி இறங்கினால் அதுதான் பதில்.

அடுத்து, சூடான காற்று வெளிவரும் இடத்தில் கையை வையுங்கள். ஃபேன் இரைகிறது, ஆனால் காற்று பலமாக வரவில்லை, கீழ்ப்பக்கம் மட்டும் கொதிக்கிறது என்றால் உள்ளே உலோகத் தகடுகளின் இடுக்கில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. லேப்டாப்பை முழுதாக அணைத்து, காற்று வெளிவரும் வழியில் கேனில் அடைத்து விற்கும் காற்றைச் சின்னச் சின்னதாக அடிக்கலாம். மூடியைத் திறக்க முடிந்தவர்கள் ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் ஃபேன் கெட்டுவிடும். வீட்டு வேக்யூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். அது உண்டாக்கும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்கலாம்.

தூசி போன பிறகும் சூடு இறங்கவில்லை என்றால் தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸரின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தும் பசை) காய்ந்திருக்கும். சில வருடம் ஓடிய லேப்டாப்பில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதை முதல்முறையாகத் தங்கள் ஒரே லேப்டாப்பில் செய்து பார்க்க வேண்டாம். ஃபேன் கரகரவென்று உரசினாலோ சுற்றவே இல்லை என்றாலோ பேஸ்ட்டோடு அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். சூடாகும் லேப்டாப்பை மேசையில் வைக்கும்போது ஆடுகிறதா, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, மூடி சரியாக மூடவில்லையா என்று பாருங்கள். ஆம் என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அழுத்தாமல், குத்தாமல் நேராகச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். இன்னொரு நாள் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

## அறிகுறி: ஃபேன் இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அமைதியாகிவிடுகிறது

உங்கள் ப்ராசஸரை வைத்து வேறு யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டுவதாக இருக்கலாம். இப்படிப்பட்ட மென்பொருள்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் ஒளிந்துகொள்ளும்படியே எழுதப்பட்டவை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தே விட்டால் லேப்டாப் நாள் முழுக்க அமைதியாக இருக்கிறதா? சந்தேகம் வலுக்கிறது. அண்மையில் கிராக் செய்த மென்பொருளோ கேமோ போட்டீர்களா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே அது தேடும், ஒளிய இடம் கிடைக்காது. பட்டியலில் சந்தேகமான பெயர் இருந்தால் வலது கிளிக் செய்து ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுங்கள். சர்வீஸ் ஹோஸ்ட் என்ற பெயரில் இருப்பது விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் இல்லாமல் வேறெங்கோ, டெம்ப் ஃபோல்டரிலோ ஆப்டேட்டாவிலோ இருந்தால் அது வேஷம்.

ஸ்கேன் செய்து நீக்கிய பிறகும் திரும்பி வந்தால், அப்போது ஃபார்மட் சரியான மருந்து. இந்த ஒரு இடத்தில் நானே ஃபார்மட் செய்யச் சொல்வேன். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் காப்பி எடுங்கள், மென்பொருள்களை எடுக்காதீர்கள். மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

## அறிகுறி: சிபியு சும்மா இருக்கிறது, ஆனாலும் ஸ்லோ

சிபியு 15, டிஸ்க் 100 என்றால் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதற்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பலன் தருவது எதுவும் இல்லை. மாற்றும் முன் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். காஷன் அல்லது பேட் என்று காட்டினால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள்.

மெமரி 90-க்கு மேல் நின்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 எழும், ஆனால் பிரவுசர் திறந்ததும் மூச்சு வாங்கும். ரேம் சேர்க்க ஸ்லாட் இருக்கிறதா, போர்டோடு ஒட்டியதா என்று மாடல் எண்ணை வைத்து முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

செலரான் என்4020 போன்ற 6 வாட், இரண்டு கோர் ப்ராசஸர் என்றால் ஒரு வீடியோ மீட்டிங்கே அதை 100-க்குக் கொண்டுபோகும். அதில் கோளாறு தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். திறக்கும் டேப்களைக் குறைப்பதுதான் வழி.

## எந்த அறிகுறியிலும் அடங்கவில்லை

க்ளீன் பூட் செய்யுங்கள், அதாவது மைக்ரோசாஃப்டின் சர்வீஸ்களை மட்டும் வைத்து விண்டோஸை எழுப்புங்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ் என்பதை முதலில் டிக் செய்யுங்கள். அதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் அணைத்தால் வம்பு. அப்புறம் டிசேபிள் ஆல். ஸ்டார்ட்அப் ஆப்களையும் அணைத்து ரீஸ்டார்ட்.

லேப்டாப் தெளிந்துவிட்டதா? பாதி சர்வீஸ்களைத் திரும்பப் போடுங்கள். கோளாறு வந்தால் அந்தப் பாதியில் இருக்கிறது, வராவிட்டால் மற்றப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் இருபது சர்வீஸ் இருந்தாலும் ஐந்து ரீஸ்டார்ட்டுக்குள் பெயர் கிடைத்துவிடும்.

## மேக் என்றால்

டாஸ்க் மேனேஜருக்குப் பதில் ஆக்டிவிட்டி மானிட்டர். அங்கே ஒரு கோர் முழுதாக ஓடினால் 100 என்று கணக்கு, எனவே 250 என்று பார்த்தாலும் அதிர்ச்சி வேண்டாம். கெர்னல் டாஸ்க் மேலே நின்றால் பெரும்பாலும் சூடு. மேக் தன்னைக் குளிர்விக்க மற்ற மென்பொருள்களுக்கு ப்ராசஸர் கிடைக்காமல் செய்யும் ஏற்பாடு அது, நிறுத்த முடியாது. எம்டி ஒர்க்கர், எம்டிஎஸ் ஸ்டோர்ஸ் என்றால் ஸ்பாட்லைட் ஃபைல்களை அட்டவணை போடுகிறது, புது அப்டேட் வந்த பிறகு சில மணி நேரம் விடுங்கள்.

## எப்போது கடைக்குக் கொடுக்க வேண்டும்

உப்பிய பேட்டரி, உள்ளே தண்ணீர் போன லேப்டாப், உரசும் ஃபேன், சார்ஜர் ஜாக், க்ளீன் பூட்டிலும் இறங்காத சிஸ்டம் இண்டரப்ட்ஸ், வேலை நடுவே தானாக அணைந்துபோவது. இவற்றை வீட்டில் வைத்துப் போராட வேண்டாம். வாரண்டி இருந்தால் மூடியைத் திறப்பதற்கு முன்பே கொடுங்கள்.

கொடுக்கும்போது "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆரம்பத்தில் தாளில் எழுதிய எண்களைக் கொடுங்கள்: "பேஸ் ஸ்பீடு 2.4, ஐந்து நிமிடத்தில் 0.9-க்கு விழுகிறது, 98 டிகிரி காட்டுகிறது, வேறு சார்ஜரில் போட்டும் மாறவில்லை." இதைக் கேட்டதும் நேர்மையான டெக்னீஷியன் நேராக ஹீட்சிங்க்கை (ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) திறப்பார். பேக்கப் எடுத்த பிறகே லேப்டாப்பைக் கையை விட்டு அனுப்புங்கள். "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே ஆன் செய்து, பத்து நிமிடம் வீடியோ ஓட்டி, அதே ஸ்பீடு எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.